துளசிங்கம் ஏறாத மாடிகள்

"ரெண்டு மாடி ஏறுவீங்களா?"

"மூணு மாடி ஏறுவேன்."

"நடுவுல நிக்காம?"

"நிக்காம ஏறுவேன், நிக்காம எறங்குவேன். வேணும்னா உன்னையும் தூக்கிகினு ஏறுவேன்."

"கடைசியா எப்ப ஏறினீங்க?"

"இன்னாமா இது, போலீஸ் ஸ்டேஷனா? கல்ல எடுக்கணும்னு வந்தா படியப் பத்தி கேட்டுகினு கீற. கல்லு என் வயித்துல கீதா, படியில கீதா?"

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டாக்டர் ஜீவிதா சிரிக்கவில்லை. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பேனாவின் மூடியைக் கழற்றினாள், மறுபடி மூடினாள். இந்தப் பக்கம் துளசிங்கம் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைத் திறந்துவிட்டு, ஏதோ தன் வயல் வரப்பில் இருப்பதுபோல நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். அறுபத்திரண்டு வயது. அவருக்குப் பக்கத்தில், மடியில் ஸ்கேன் கவரையும் அவருடைய செல்போனையும் வைத்துக்கொண்டு, அவர் மனைவி காந்தா.

பித்தப்பையில் கல். தாம்பரத்து சர்ஜன் வெள்ளிக்கிழமை எடுத்துவிடலாம் என்றார். அதற்கு முன்னால், இதயம் தாங்குமா என்று ஒரு டாக்டரிடம் பார்த்து எழுதி வாங்கிவரச் சொன்னார். அப்படித்தான் செவ்வாய்க்கிழமை காலையில் இருவரும் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குப் பக்கத்திலிருந்த இந்த கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார்கள். துளசிங்கம் வாழ்நாளில் நிறைய கையெழுத்து வாங்கியவர். அப்பா விட்டுப்போன நெல் வயல்களை மனை மனையாகப் பிரித்து விற்ற காலத்தில் அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. இதுவும் அப்படி ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை என்றுதான் நினைத்து வந்திருந்தார். கேள்வி கேட்பார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

டாக்டர் இ.சி.ஜி. தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

"இங்க பாருங்க ஐயா. இந்த இடத்துல கோடு இப்படிப் பள்ளமா இறங்கக்கூடாது. உங்களுக்கு ஒரு அட்டாக் வந்து போயிருக்கற மாதிரி தெரியுது."

"எனக்கா?" துளசிங்கம் காந்தாவைப் பார்த்தார். அவள்தான் அந்தக் கோட்டை வரைந்துவிட்டாள் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. "எனக்கு ஒரு மயிரும் வரல."

"சுகர் இருக்கறவங்களுக்குச் சில சமயம் வலி பெரிசா தெரியாது. வேர்க்கும், வாந்தி வரும், அவ்வளவுதான். எனக்குத் தெரிய வேண்டியது, அது எப்ப வந்துதுங்கறது."

"எப்ப வந்தா இன்னா?"

"நெறைய வித்தியாசம் இருக்கு. இருபது நாள் முன்னாடி ராத்திரி வாந்தியும் வேர்வையுமா போய் ஊசி போட்டுக்கிட்டேன்னு சொன்னீங்க. அது கல்லு வலியா இருக்கலாம். ஆனா அட்டாக்கும் அன்னிக்குத்தான் வந்திருந்தா, இந்த வெள்ளிக்கிழமை மயக்க மருந்து குடுக்கலாம்னு நான் எழுத மாட்டேன். அட்டாக் வந்து ரெண்டு மாசமாவது ஆகணும். அதுக்குள்ள வயித்துல கை வெச்சா டேபிள்லயே இன்னொன்னு வரலாம். பழசுன்னா வேற. சில டெஸ்ட் பாத்துட்டு, ஜாக்கிரதையா பண்ணிடலாம்."

"அப்ப ரெண்டு மாசம் தள்ளிடுங்க," என்றாள் காந்தா.

"சும்மா தள்ளவும் முடியாதும்மா. அந்தக் கல்லு மறுபடி அடைச்சு சீழ் பிடிச்சா, அப்ப அவசரமா பண்ண வேண்டியிருக்கும். அது இதைவிட ஆபத்து. அதான் கேக்கறேன். ரத்த டெஸ்ட்ல இருபது நாளைக்கு அப்புறம் தெரியாது. மெஷின் பாதிதான் சொல்லும். மீதிய நீங்கதான் சொல்லணும். படி ஏறும்போது மூச்சு வாங்குமா? நெஞ்சை அழுத்துமா? எப்பலேருந்து?"

"ஏறினா ஒண்ணும் பண்ணாது," என்றார் துளசிங்கம்.

காந்தாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "எங்க ஏறினாரு? மூணு வருஷமா ஏறல டாக்டர். சத்தியம் பண்ணிக்கீறாரு."

"சத்தியமா?"

"வாய மூடுமே," என்றார் அவர்.

அவள் மூடவில்லை. சொன்னாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்கள் வீடு மூன்று தளம். கீழே அவர்கள், முதல் மாடியில் துளசிங்கத்தின் தம்பி பாலுவும் அவன் குடும்பமும், அதற்குமேல் இருந்த தளமும் மொட்டைமாடியும் பொது. வெளிப்பக்கமாகப் போகும் படி பொது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரு நாய் ஏறி வருகிறது என்று சொல்லி, பாலு முதல் மாடித் திருப்பத்தில் ஓர் இரும்பு கேட் போட்டான். என்னை நாயாக்கிவிட்டான் என்று கத்திக்கொண்டே துளசிங்கம், இன்னும் பூட்டு போடாத அந்த கேட்டைத் தள்ளிக்கொண்டு மேலே போனார். மொட்டைமாடிக் கொட்டகையிலிருந்த கடப்பாரையை எடுத்து வந்து கேட்டைப் பெயர்ப்பதாகச் சொல்லிக்கொண்டுதான் போனார். மேலே இரண்டு பேர் குரலும் கேட்டது. பிறகு ஒரு குரலும் கேட்கவில்லை. துளசிங்கம் வெறும் கையோடு இறங்கி வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. வாசலில் வாந்தி எடுத்தார். அடுத்த நாள் கங்கையம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்து, பாலு ஏறும் படியில் என் கால் படாது என்று சத்தியம் செய்தார்.

"எவ்ளோ கோவம் வந்துச்சுன்னா மனுஷன் வாந்தி எடுத்தாரு டாக்டர்," என்று முடித்தாள் காந்தா. மூன்று வருடமாக எல்லோரிடமும் இதே வாக்கியத்தைத்தான், இதே பெருமையோடு சொல்லிவந்தாள். இன்றைக்குச் சொல்லி முடித்ததும் அது அறையின் நடுவில் விழுந்து கிடப்பதுபோல் இருந்தது. அதை எடுத்துக்கொள்ள யாருமில்லை.

டாக்டர் கொஞ்ச நேரம் எழுதினாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "சத்தியம் உங்க வீட்டுப் படிக்கு மட்டும்தானே? வேற இடத்துல ஏறுவீங்கல்ல?"

ஏறுவார் என்று சொல்லத்தான் காந்தா வாயைத் திறந்தாள்.

சொல்ல ஒரு படிகூட நினைவுக்கு வரவில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் மேம்பாலம் ஏறினால் ஐந்து நிமிடத்தில் மேற்குப் பக்கம் போய்விடலாம். ஆட்டோ வைத்து சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். பாலத்தில் கூட்டம் என்றார். சிட்லபாக்கத்தில் ஒரு கல்யாணம், பந்தி மாடியில். மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாக அழைக்கவில்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் வந்தார். அவரோடு அவளும் பட்டினியாக வந்தாள். திருநீர்மலைக்குப் போனபோது, செருப்புத் திருட்டு அதிகம் என்று எல்லோருடைய செருப்பையும் காவல் காத்துக்கொண்டு அடிவாரத்திலேயே உட்கார்ந்திருந்தார். மின்சார ஆபீஸ் மாடிக்கு இவளை அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு விரோதி. கூட்டம், மாப்பிள்ளை வீட்டார், செருப்புத் திருடன், ஆபீஸ் கிளார்க். ஊரெல்லாம் வெட்டிப்போட்ட மரங்கள்போல அந்தப் படிகள் அவள் மனதில் வரிசையாகக் கிடந்தன. ஒன்றிலும் அவர் கால் படவில்லை.

"சொல்லுமே," என்றார் துளசிங்கம். "ஏறுவாருன்னு சொல்லு."

அவள் மடியிலிருந்த ஸ்கேன் கவரின் ஓரத்தை மடித்தாள்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "இப்ப இன்னா, ஏறிக் காட்டணும், அவ்ளோதானே?"

"வேணாம் ஐயா. இந்த இ.சி.ஜி.யோட நான் உங்கள ஏறச் சொல்ல மாட்டேன். உக்காருங்க."

"நீ இன்னா சொல்றது?"

அறைக்கு வெளியே, மாடியிலிருந்த லேபுக்குப் போகும் படி. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டாக ஏறினார். காத்திருந்த நோயாளிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். டாக்டர் "நில்லுங்க, நில்லுங்க" என்று பின்னாலேயே ஓடினாள். ஒன்பதாவது படியில் துளசிங்கம் நின்றார்.

நின்றதைப்போல இல்லாமல் நின்றார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டார், ஏதோ போன் வந்ததுபோல. பை காலியாக இருந்தது. போன் காந்தாவின் கையில் இருந்தது. ஒரு நொடி திகைத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த சர்க்கரை வியாதி விளம்பரத்தை வாசிக்க ஆரம்பித்தார். அவருடைய மூக்குக் கண்ணாடி கீழே டாக்டரின் மேசையில் கிடந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன. கழுத்தில் வேர்வை கோடாக இறங்கியது. இடது கை தன்னையறியாமல் நெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்தது.

இந்த நாடகத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம் என்று காந்தா நினைத்தாள். தெருவில் நடக்கும்போது நின்று போனைப் பார்ப்பது. ஏரிக்கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்பது. இந்த மனிதருக்கு வயதான காலத்தில் ரசனை வந்துவிட்டது என்று அவள் ஒருமுறை சிரித்ததுண்டு.

டாக்டர் அவரை அந்தப் படியிலேயே உட்காரவைத்து, நாடி பிடித்துப் பார்த்து, நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மறுபடி ஓர் இ.சி.ஜி. எடுத்தார்கள். புதிதாக ஒன்றும் இல்லை என்றாள். பிறகு காந்தாவைத் தனியாகக் கூப்பிட்டாள். டாக்டரின் குரலில் இப்போது கோபம் இருந்தது.

"நாளைக்குக் காலைல எக்கோ. இதய டாக்டரும் வருவாரு. எக்கோ எங்க தழும்புன்னு சொல்லும், எப்பன்னு உறுதியா சொல்லாது. அந்த ஞாயித்துக்கிழமை மேல யார் இருந்தாங்க?"

"அவர் தம்பி."

"அவரக் கூட்டிக்கிட்டு வாங்க. நெஞ்சப் பிடிச்சாரா, விழுந்தாரா, எவ்வளவு நேரம், எல்லாம் தெரியணும். இவர் வாயிலேருந்து வராது."

அது துளசிங்கத்தின் காதில் விழுந்துவிட்டது. "பாலு வந்து எனக்கு சாட்சி சொல்றதா?" என்றார் இ.சி.ஜி. எடுத்த கட்டிலில் படுத்தபடியே. "அதுக்கு நான் டேபிள்லயே செத்துப் பூட்றேன்."

ஆட்டோவில் பேசக்கூடாது என்றுதான் காந்தா நினைத்திருந்தாள். வேளச்சேரி ரோட்டில் ஒரு பஸ் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தின் மறைவில் கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு மேல இன்னா நடந்துது?"

"உனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு நீ சொன்னது தெரியும். நடந்தது இன்னா?"

"என்னை நாயின்னான்."

"கடப்பாரை எங்க?"

துளசிங்கம் வெளியே பார்த்தார்.

"எடுக்கப் போனியே, எடுத்துகினு வரலயே. என் பேச்ச கேட்டு வுட்டுட்டன்னு நெனச்சேன். மூணு வருஷமா அப்படி நெனச்சுகினு கீறேன் நான்."

"கேஸ் புடிச்சுகிச்சு. போதுமா?"

"கேஸா?"

"ஆடி மாசம் கங்கையம்மன் கோயில்ல மொத கூழ் பானை யாரு எறக்கறது இப்ப? நான். அதுக்கு முன்னாடி? ஒரு வருஷம் நான், ஒரு வருஷம் அவன். படியில போட்ட சத்தியத்தால ஊரு அவன ஒதுக்கிச்சு. இப்பப் போயி, இல்லப்பா, எனக்கு மார் வலிச்சுது, ஏற முடியல, அதான் சத்தியம் பண்ணேன்னு சொல்றதா? எவன் மதிப்பான் என்னை?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப மார் வலிதான்," என்றாள் காந்தா.

"கேஸு."

"யோவ், நீ செத்துப் போனாலும் கேஸுன்னுதான்யா சொல்லுவ."

வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலில் சாய்ந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். காந்தா அவருடைய மாத்திரைகளை எடுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். தண்ணீர் வைத்தாள். பிறகு வெளியே வந்து, வீட்டின் பக்கவாட்டில் போகும் அந்தப் படியின் முன்னால் நின்றாள். சத்தியம் அவருடையதுதான். ஆனால் அவர் கால் படாத இடத்தில் அவளும் கால் வைத்ததில்லை. துணி காயப்போட மொட்டைமாடி இருந்தும், மூன்று வருடமாகக் கொல்லைப்புறத்தில் கொடி கட்டி, ஈரம் போகாத புடவைகளை மடித்து வைத்திருக்கிறாள்.

ஏறினாள். பதினான்கு படி, பிறகு திருப்பம், அங்கே அந்த கேட். பச்சை பெயின்ட். உள்பக்கம் பூட்டு. கம்பிகளுக்கு அந்தப் பக்கம், மேல்தளத்துக்குப் போகும் படிகளில், பாதி உயரத்தில், சுவரோரமாகக் கடப்பாரை கிடந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை. துரு இறங்கி, கீழே நான்கு படிகளுக்குச் செம்மண் நிறத்தில் ஒரு கறை வழிந்து காய்ந்திருந்தது. எடுத்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார். அந்த இடத்தில்தான் கை விட்டிருக்கிறது.

"யாரு?"

பாலுவின் மனைவி வெண்ணிலா. கையில் கரண்டியோடு வந்தவள், காந்தாவைப் பார்த்ததும் நின்றாள்.

"அடேங்கப்பா," என்றாள். "வழி தவறி வந்துட்டியா அக்கா? தெரு நாய்தான் வரும்னு கேட் போட்டோம்."

"கேட்ட தொற வெண்ணிலா. பேசணும்."

"சாவி எங்க கீதுன்னு தெரியல."

சாவி அவள் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள்.

"அவருக்கு ஒடம்பு சரியில்ல," என்றாள் காந்தா.

"எனக்குந்தான் சரியில்ல. யாரு வந்து கேட்டாங்க?"

"நெஞ்சுல அட்டாக் வந்துருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. எப்பன்னு தெரியாம ஆபரேஷன் பண்ண மாட்டாங்களாம். அந்த ஞாயித்துக்கிழமையா இருக்குமோன்னு..."

வெண்ணிலா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "இப்பதான் தெரிஞ்சுதா? அன்னிக்கே சொன்னாரு எங்க ஊட்டுக்காரரு. அண்ணன் மூஞ்சி சரியில்ல, சாம்பல் மாதிரி கீது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவணும்னு கார் சாவிய எடுத்துகினு கீழ வந்தாரே. நீ இன்னா பண்ண?"

காந்தா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுக்கா. இன்னா எடுத்த?"

வாந்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள் அன்றைக்கு. கையில் துடைப்பம். படியில் பாலு இறங்கி வருவதைப் பார்த்தாள். மறுபடி சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தாள். தெருவே பார்க்க அந்த ஈரத் துடைப்பத்தை ஓங்கினாள். அவன் தோளில் அது பட்டதா இல்லையா என்பது இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவன் கையில் ஏதோ மின்னியது நினைவிருக்கிறது. வளையத்தில் மாட்டிய சாவி. கத்தியாக இருக்குமோ என்றுகூட அந்தக் கணத்தில் நினைத்திருந்தாள்.

"தொடப்பத்தால அடிச்ச," என்றாள் வெண்ணிலா. "அதுக்கப்புறமும் என் பொண்ணு தமிழினி வயசுக்கு வந்து ஒக்காந்தப்ப, பெரியம்மா வந்து மொத தண்ணி ஊத்தணும்னு தட்டு எடுத்துகினு வந்தேன். எட்டு வயசு வரைக்கும் உன் மடியில வளந்த பொண்ணு. மூஞ்சிக்கு நேரா கதவ சாத்தின. இப்ப டாக்டர் கேட்டான்னு ஏறி வந்துருக்க."

"தப்புதான்."

"யாரு தப்பு?"

"என் தப்பு."

"இத கோயிலாண்ட வந்து சொல்லுவியா? எல்லாரும் நிக்கும்போது?"

கோயிலடியில் அதைச் சொல்வது என்றால், அன்று பாலு எதற்காக இறங்கி வந்தான் என்பதையும் சொல்வது; கீழே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் மனிதரின் கையிலிருந்து கூழ் பானையையும் சத்தியத்தையும் மூன்று வருட மரியாதையையும் பிடுங்கித் தெருவில் போடுவது. அதைச் செய்தால் அவர் அவளை மன்னிக்க மாட்டார். செய்யாவிட்டால் மன்னிக்க அவர் இருக்கமாட்டார்.

"சொல்றேன்," என்றாள் காந்தா.

வெண்ணிலா இதை எதிர்பார்க்கவில்லை. கரண்டியிலிருந்து குழம்பு சொட்டி, கேட்டின் அடியில் ஒரு பொட்டாக விழுந்தது. வீட்டுக்குள் டி.வி. ஓடிக்கொண்டிருந்த சத்தம் குறைந்தது, பிறகு சுத்தமாக நின்றது. பாலு அங்கேதான் இருந்தான். திரைச்சீலைக்குக் கீழே அவனுடைய கால்கள் தெரிந்தன. வெறுங்கால்கள், அசையாமல்.

"உள்ளதான் கீறாரு," என்றாள் வெண்ணிலா. "நீயே கேளு. நான் சொல்ல மாட்டேன்."

கீழேயிருந்து துளசிங்கத்தின் குரல் வந்தது. "காந்தா! எங்கமே போன? யாருகிட்ட பேசிகினு கீற?" பலமாகக் கூப்பிட முயன்று, பாதியில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கிய குரல். அவர் கட்டிலைவிட்டு எழுந்து வாசலுக்கு வந்திருக்க வேண்டும். இன்னும் பத்து எட்டு வைத்தால் படி.

காந்தா திரும்பிப் பார்க்கவில்லை. நெற்றியைக் கம்பியில் வைத்து, திரைச்சீலையைப் பார்த்துச் சொன்னாள்:

"பாலு, அண்ணிதான் பேசறேன். நாளைக்குப் பத்து மணிக்கு என்கூட சிக்னலாண்ட டாக்டர் கிட்ட வாப்பா. அன்னிக்கு இந்தப் படியில நீ பாத்தத வந்து சொல்லு."